அரிசி அழகி

பாறசாலை பஸ்கள் திரும்பும் இடத்தில்
என் நேந்திரங்காய் வறுவல் கடை.
பொட்டலம் மடிக்க மார்த்தாண்டத்திலிருந்து
கட்டுக்கட்டாய்ப் பழைய தாள் வரும்.
இந்த முறை லண்டன் பேப்பர் என்றான் விஜுகுமார்.
கப்பலில் வந்ததாம், கழிவுத் தாளாக.
விற்காமல் மிஞ்சியதா, படித்துத் தீர்ந்ததா, தெரியாது.
பாதி அளவுத் தாள். மடிக்கத் தோது.

இங்கிலீஷ் எழுத்துக் கூட்டுவேன், அவ்வளவுதான்.
ஆனால் இதற்குப் படிப்பு வேண்டாம்.
உள்ளங்கை உயரத்துக்கு நாலே சொல்,
அதற்கடியில் காரிலிருந்து இறங்கும் ஒருத்தி
கைப்பையால் முகத்தை மறைக்கிறாள்.
திருப்பினால்
குளியல் உடையில் இன்னொருத்தி சிரிக்கிறாள்.
அவளுக்கு எதிர்ப்பக்கத்தில்
யாரோ ஒருவர் கோபமாக எழுதியிருக்கிறார்;
எதைப் பற்றி என்று தெரியவில்லை,
படத்தில் புருவம் நெரிந்திருக்கிறது.
பிறகு பந்தாட்டம், ராசிபலன்,
கால் உடைந்த ஒரு நாய்க்குட்டி.

எனக்கு இவளைத் தெரியும்.
கைப்பைக்காரியை.

பதினோரு வருடம் முன்பு, சோதனைச்சாவடிக்கு இப்பால்,
பிள்ளை பெற்ற தங்கைக்கு
ஒன்பது கிலோ ரேஷன் அரிசியோடு பஸ்சுக்கு நின்றேன்.
எனக்குப் பின்னால் நின்ற வேனில் ஒன்றரை டன்.
டிரைவர் ஓடிவிட்டான்.
மிச்சம் நானும் வேனும்.

சாயங்காலம் நாலரைக்கு
களியக்காவிளை டீக்கடைக் கம்பிகளிலெல்லாம்
கிளிப் மாட்டிப் படபடத்தது:
அரிசி அழகி சிக்கினாள்!

கறுத்த, பல் எடுப்பான றோசிலெட்டை
அதுவரை யாரும் அழகி என்றதில்லை,
கட்டினவனும் சேர்த்து.
அன்றைக்கு ஊரே சொன்னது,
மூன்று ரூபாய் கொடுத்துச் சொன்னது.
கோயில்குட்டியார் குடைக்குள் மடித்து வைத்திருந்தார்.

இதையும் சொல்லிவிட வேண்டும்.
மறுவாரம் அதே பேப்பர்தான்
ரேஷன் கடைக்காரன் தராசில் கை வைத்ததை
அதே கொட்டை எழுத்தில் போட்டது.
அதிகாரிகள் ஜீப்பில் வந்தார்கள்.
அவன் மூஞ்சியைத் துண்டால் மூடிக்கொண்டு போனான்.
கைதட்டினோம்.
மூன்று ரூபாய் கொடுத்து நானும் வாங்கினேன்,
இரண்டு தடவை வாசித்தேன்.

என் வழக்கு தள்ளுபடியானபோது
வருத்தம் தெரிவித்தார்கள்:
ஏழாம் பக்கம், கேரள லாட்டரி முடிவுகளுக்குக் கீழே,
கடைசி ஆறுதல் பரிசின் எண்ணைவிடப் பொடி எழுத்தில்.
சீட்டு வாங்கினவன் கண்ணில் மட்டும் பட்டிருக்கும்.
அவன் தேடியது வேறு.

அதனால் லண்டன் தாளிலும்
முதலில் அடிப்பகுதியைத்தான் பார்க்கிறேன்.
ஒன்றிரண்டு பொடி எழுத்துக் கட்டங்கள் இருக்கின்றன.
வருத்தமோ, வாடகை வீடோ.

அவள் முகம் உள்ளே போகும்படி மடிக்கிறேன்.
கொதி எண்ணெய் வறுவல் விழுந்து
தாள் ஊறிக் கண்ணாடியானதும்
கைப்பையும் அதைப் பிடித்த விரல்களும்
வெளியே தெரிகின்றன.
இன்னொரு தாள் சுற்றுகிறேன். நட்டம்தான்.

நெய்யாற்றின்கரைக்காரர்கள்
"அரியழகியுட கட" என்று விசாரித்து வருகிறார்கள்.
அரைக் கிலோவுக்குக் குறைந்து வாங்குவதில்லை.
போர்டு எழுதத் தேவைப்படவில்லை, இன்னும்.