செலவினம்: கறுப்பு

ஓதில் பூஷாரின் வருமான வரிக் கணக்கு
ஒரு சப்பாத்துப் பெட்டிக்குள் வந்தது.
மார்ச் மாதம், மொன்றியல்.
என் மேசையில் நூற்றுப் பதினேழு பற்றுச்சீட்டுகள்.

கம்பளி, கறுப்பு, பதினான்கு மீட்டர்.
கம்பளி, கறுப்பு, வேறு கடை, இரட்டை விலை.
மெழுகு பூசிய பருத்தி, கறுப்பு.
நூல், கறுப்பு, ஆறு பெட்டி.
குதிரைமயிர்.
துருப்பிடித்த ஆணி, இரண்டு கிலோ.

ஆணியை எந்தத் தலைப்பில் போடுவது
என்று தொலைபேசியில் கேட்டேன்.
"அது சாயம்" என்றாள்.
"வினாகிரியில் ஊறவிட்டால் கறுப்பு இறங்கும்.
வந்து பாருங்களேன்."

ஷபனெல் வீதி, ஏழாம் மாடி.
வந்த புதிதில் எங்கள் ஆட்கள் பாதிப் பேர்
இந்தத் தெருவில்தான் ஜீன்ஸுக்குப்
பொத்தான் துளை அடித்தார்கள்.
சரக்குத் தூக்கியின் கதவு
இன்னும் இரண்டு கையால்தான் திறக்கிறது.

உள்ளே,
தையல் விளிம்பு முழுதும் வெளியே தெரிய ஒரு சட்டை,
உள்ளாடி எல்லாவற்றையும் சொல்லிவிட்டவனைப் போல.
முதுகில் மட்டும் பை வைத்த ஒரு மேலங்கி:
அதில் எதையாவது வைக்க
இன்னொருவர் வேண்டும்.
ஓரம் தீயில் பொசுக்கிய பாவாடை.
விலாவிலிருந்து மூன்றாவது கை தொங்கும் ஒரு கோட்டு.

இதையெல்லாம் யார் வாங்குவார்கள்
என்று என்னிலிருந்த கணக்காளர் கேட்டார்.
ஒரு செல்லோக்காரர், பிணவறையில் வேலை செய்யும் ஒருத்தி,
இரண்டு தடவை வந்த பல்வைத்தியர்.
அவ்வளவுதான். விரல்விட்டு எண்ணியதில்
விரல் மிச்சம் இருந்தது.

எங்கள் வீட்டில் கறுப்பு
பொங்கலுக்கு இல்லை, பிறந்தநாளுக்கு இல்லை,
பெண்பார்க்க வந்தபோது சாப்பாட்டு மேசை விரிப்புக்கும் இல்லை.
குளிர்க்கோட்டு மட்டும் விதிவிலக்கு.
மைனஸ் இருபதில்
சகுனம் விறைத்துச் செத்துவிடும்.

எனக்கு இன்னொரு தடையும் இருந்தது.
பள்ளிக்கூடத்தில் என் பெயர் கறுவல்.
துணிக்கடையில் மாமி சொல்லுவா:
பிள்ளைக்கு இளமஞ்சள் காட்டுங்கோ,
கறுப்பு எடுபடாது.
இளமஞ்சளிலும் நான் எடுபடவில்லை.
நாற்பத்தாறு வயதுவரை
வெளிர்நிறத் தாளில் ஒரு மைக்கறையாக நடந்தேன்.

ஓதில் சன்னலோரம் மூன்று துண்டுத் துணி பிடித்தாள்.
ஒன்றின் அடியில் நீலம்.
ஒன்றில் பச்சை, காகத்தின் சிறகு திரும்பும்போது வருமே, அது.
மூன்றாவது ஆணி.
"இது வெயிலில் பழுக்கும், நான் பொறுப்பில்லை" என்றாள்.
கறுப்பு என்ற ஒற்றைச் சொல்லால்
எத்தனையை நாங்கள் மூடிவைத்திருந்தோம்!

கோட்டைப் போட்டேன்.
நித்திரையான குழந்தையின் பாரம்.
மூலை உடைந்த கண்ணாடியில்
கழுத்து எங்கே முடிகிறது, துணி எங்கே தொடங்குகிறது
என்று எல்லை எதுவும் இல்லை.
என் கண்வெள்ளை மட்டும் என்னைப் பார்த்தது,
அறிமுகமில்லாதவளைப் பார்ப்பதுபோல,
மரியாதையாக.

அவள் அழகு என்று சொல்லவில்லை.
வாயில் குண்டூசிகள்.
தோளைக் கிள்ளிப் பார்த்து விட்டாள்.
"இடது பக்கம் சரிவு."
"கைப்பை தூக்கிய தோள்" என்றேன்.
"அப்படியே இருக்கட்டும்" என்றாள்.

மூன்றாவது கை எதற்கு?
"தெரியாது. வெட்டும்போது வந்தது."

வருமானம் பதினோராயிரம்,
செலவு பத்தொன்பதாயிரம்.
ஆணியை மூலப்பொருளில் சேர்த்தேன்.
நட்டம் என்று எழுதிக் கீழே கோடிட்டபோது
கோட்டை இன்னும் கழற்றியிருக்கவில்லை.
ஆயிரத்து நானூறு டொலர், நான்கு தவணை.
அவளுடைய அடுத்த ஆண்டுக் கணக்கில்
ஒரு வரவு வரி நான்.

வீடு திரும்பும் பேருந்தில்
எதிர் இருக்கைப் பிள்ளை
தொங்கும் கையையே பார்த்தது,
பிறகு தாயிடம் பிரெஞ்சில் ஏதோ கேட்டது.
தாய் சன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள்.
நான் அந்தக் கைக்குள் கைவிட்டு
பயண அட்டையை எடுத்துக் காட்டினேன்.
பிள்ளை தலையாட்டியது,
நியாயம்தான் என்பதுபோல.