அரைச் சுற்று

ஞாயிறு நள்ளிரவு வரை அவகாசம்.
'விருப்பம்' என்ற சொல்லுக்கு முன்னால்
ஒரு சதுரக் கட்டம் வைத்திருக்கிறார்கள்.
தொட்டால் டிக் விழும்.
மூன்று மாத அடிப்படைச் சம்பளம்,
பதினோரு வருடப் பணிக்கொடை,
மூன்று பேருக்கும் ஒருவழி டிக்கெட்,
கேட்டால் ஜன்னலோரம் கிடைக்கலாம்.

தொடாவிட்டால்?
அதற்குக் கட்டம் இல்லை.

இன்று வெள்ளி.
ஷார்ஜா நஹ்தாவில் ஏழாம் மாடி.
முன்பு இந்தப் பால்கனிக்கு மேலே
இரண்டு நிமிடத்துக்கு ஒன்று தாழ்ந்து போகும்.
பேச்சைப் பாதியில் நிறுத்துவோம்,
போனதும் தொடர்வோம்.
ரூஃபஸ் இப்போதும் பழக்கத்தில் நிறுத்துகிறான்.
எதுவும் வருவதில்லை.
மறுபடி தொடங்க
அவனுக்கு வாக்கியம் நினைவில்லை.

"நீ என்ன முடிவெடுத்தாலும் சரி" என்கிறான்.
துணை விமானியின் வேலை அதுவல்ல, ரூஃபஸ்.
வேகம் குறைந்தால்
குறைகிறது என்று வாய்விட்டுச் சொல்ல வேண்டும்.
அதற்குத்தான் இரண்டாவது இருக்கை.

வீட்டுக்காரரிடம் என் கையெழுத்திட்ட
செக் இரண்டு உறங்குகின்றன,
அக்டோபர் ஒன்று, ஜனவரி ஒன்று.
கருங்கல் வங்கியில்
பயிற்சிக் கடன் பத்தொன்பது தவணை.
அடுத்த மார்ச்சில்
தோளில் நாலாவது பட்டை வந்திருக்க வேண்டும்.
பள்ளிப் படிவத்தில் 'தாயின் தொழில்' என்ற இடத்தில்
விரல் வைத்துக்கொண்டு ஜெஸ்லின் கேட்டாள்:
"மம்மி, நீ இப்பவும் பைலட்டா?"
பென்சிலில் எழுது என்றேன்.

கேப்டன் தணிகாசலம் கையெழுத்துப் போட்டுவிட்டார்.
அஜ்மானில் கூரியர் வேன் ஓட்டுகிறார்.
வருத்தமா என்று கேட்டால்
"ராத்திரி பத்து மணிக்குத் தூக்கம் வருதும்மா" என்கிறார்,
லாட்டரி விழுந்ததை
ரகசியமாகச் சொல்பவர் போல.

எனக்கு வானம் பற்றிக் கவலையில்லை.
அதைப் பயணிகளும்தான் பார்க்கிறார்கள்.
எனக்கு வேண்டியது
சக்கரம் தரையை விட்டபின்
அந்த நெம்புகோலை மேலே இழுத்து
பச்சை விளக்கு மூன்றும் அணையக் காத்திருக்கும்
எட்டு விநாடி.
இரண்டாயிரம் தடவை இழுத்திருப்பேன்.
நேற்று கூட்டிப் பார்த்தேன்:
நாலரை மணி நேரம்.
இங்கிருந்து திருவனந்தபுரம் போய்ச் சேரும் நேரம்.
இதற்கா இவ்வளவு கடன்?

தஸ்தகீர் ஒரு வீடியோ அனுப்பினார்,
பாலைவன ஓரத்து நிலையத்திலிருந்து.
எஞ்சின் வாய்களை வெள்ளித் தாளால் கட்டி
வரிசையாக நிறுத்தியிருக்கிறார்கள்.
அவற்றில் ஒன்றை
இழுவண்டி மெல்ல நகர்த்துகிறது.
"ஒரே இடத்துல நின்னா
டயர் ஒரு பக்கம் தட்டையாயிடும் மேடம்.
அதான் வாரம் ஒரு தடவை அரைச் சுற்று.
எங்கயும் போறதில்ல. சும்மா."

இரவு பத்து மணிக்குக் கீழே இறங்கினேன்.
மண் மைதானத்தில் என் கார்,
ஆறு வாரமாக அசையவில்லை.
கண்ணாடி இடுக்கில் பதினோரு அட்டைகள்:
'பழைய கார் வாங்கப்படும். உடனடிப் பணம்.'
ஊருக்குப் போகிறவர்களை
தூசியின் கனத்தை வைத்தே கண்டுபிடித்துவிடுகிறார்கள்.
பத்தைக் குப்பையில் போட்டேன்.
ஒன்றை வெயில்மறைப்புக்குப் பின்னால் செருகினேன்.

முதல் முறுக்கில் பேட்டரி முனகியது,
மூன்றாவதில் எழுந்தது.
மணலில் ஒரு கை நீளம் முன்னால் நகர்த்தி
நிறுத்தினேன்.

போன் அடித்தது.
அண்ணாந்து பார்த்தால்
ஏழாம் மாடியில் அவன் உருவம்.
"எங்க கிளம்பிட்ட?"
"எங்கயும் இல்ல. டயருக்காக."
அவனுக்குப் புரியவில்லை.
வழக்கம்போல் பாதியில் நின்றான்.
இந்த முறை வாக்கியம் திரும்பி வந்தது:
"எனக்குப் பயமா இருக்கு, ஷைலா.
போனாலும். இருந்தாலும்."

"செக்டு" என்றேன்,
பதினோரு வருடப் பழக்கத்தில்.
ஏசி இன்னும் குளிரவில்லை.
கொஞ்ச நேரம்
எஞ்சினை அணைக்காமல் இருந்தேன்.