நூற்றிருபதாம் நம்பர் பொடி

செல்லூரில் ஒரு மொட்டைமாடி.
மணல் நிரப்பிய தார் டிரம்.
அதன் தலையில் கண்ணாடி வட்டு ஒன்று,
அதன்மேல் இன்னொன்று.
இடையில் ஒரு சிட்டிகை கார்போரண்டம்,
கொஞ்சம் தண்ணீர்.

தள்ளு. இழு. வட்டைச் சற்றே திருப்பு.
ஓரடி நகர்.
தள்ளு. இழு.
"பிரதட்சிணம் கணக்கா இருக்கே" என்றான் தவமணி
முதல் வாரம்.
இரண்டாம் வருடம் ஒன்றும் சொல்லவில்லை,
டிரம்முக்கு ஒரு குடை வாங்கி வந்தான்.

பகலில் டவுன்ஹால் ரோட்டில் மூக்குக்கண்ணாடிக் கடை.
மைனஸ் இரண்டரை, பிளஸ் ஒன்றேகால்,
ஆக்சிஸ் நூற்றெழுபது.
மிஷின் தேய்க்கும், நான் பிடித்திருப்பேன்.
சனிக்கிழமை என்று சொன்னால் சனிக்கிழமை.
இந்த ஆறங்குல வட்டுக்கு மட்டும்
நாள் சொல்லத் தெரியவில்லை.

"சனியோட வளையம் தெரியுமாக்கா?"
கீழ்வீட்டு முத்துரெஜினா.
தெரியும்.
"எப்ப?"
நடுவுல இன்னும் ஒரு மயிரிழை குழியணும்.
"போன சித்திரைக்கும் இதத்தான் சொன்னீங்க."

போன சித்திரையில்
அழகர் ஆற்றில் இறங்குவதற்கு முந்தின ராத்திரி
தெருவே பாலத்தைப் பார்த்து நடந்துகொண்டிருந்தது.
நான் மேலே
இருநூற்றிருபதுக்கு மாறியிருந்தேன்.
பொடி மாறினால் சத்தம் மாறும்.
எண்பதில் தகரக் கூரைமேல் ஆலங்கட்டி,
நூற்றிருபதில் அரிசி களையும் கை,
இருநூற்றிருபதில் பக்கத்து அறையில்
யாரோ பட்டுச்சேலை மடிப்பது,
அறுநூறில்
என் மூச்சு மட்டும்.

ஐப்பசி அடைமழையில் மெருகேற்றி முடித்தேன்.
ஓட்டை போட்ட டால்டா டப்பாவுக்குள் பல்பு,
எட்டடி தள்ளி வட்டு,
வெளிச்சத்தைக் குறுக்கே வெட்ட ஒரு சவர பிளேடு.
நிழல் சொன்னது:
விளிம்பு சரிந்திருக்கிறது.

கல்லூரி லேபில் முப்பது வருஷம் இருந்த
திரவியம் சாரிடம் போனேன்.
"கறுப்பு அட்டையில ஒரு வளையம் வெட்டி
விளிம்ப மறைச்சிரும்மா. வானம் வந்துரும்.
நாளைக்கே பூச்சுக்கு அனுப்பலாம்."
சரி சார் என்றேன்.

அன்றைக்கு மழை விட்டிருந்தது.
பூசாத கண்ணாடியை அட்டைக்குழாயில் வைத்து
யானைமலைக்கு மேலே திருப்பினேன்.
கோரிப்பாளையத்து விளக்குகள் வானத்தில் பாதியைத் தின்றது போக
நிலா வந்தது.
நூற்றுக்கு நாலு பங்கு வெளிச்சம்தான்.
அதற்குள் ஒரு பள்ளம், பள்ளத்துக்குள் ஒரு மேடு,
மேட்டின் நிழல்.
தவமணியைக் கூப்பிட்டேன். ரொம்ப நேரம் பார்த்தான்.
"பாத்தாச்சுல்ல?"
பாத்தாச்சு.

மறுநாள் கடைவிட்டு வந்து
படியில் உட்கார்ந்திருந்தேன்.
கை இரண்டும் மடியில் கிடந்தன,
பஸ் போன பிறகு ஸ்டாண்டில் நிற்கிறவர்கள் போல.
பொடி டப்பாக்களில்
நூற்றிருபது அடியில் இருந்தது.
எடுத்தேன்.

பொய் சொல்லக் கூடாது.
விளிம்புக்காக மட்டும் இல்லை.

ஒரே சுற்றில்
நிலா விழுந்த கண்ணாடி வெளுத்துப்போனது,
கண்புரை விழுந்த மாதிரி.
நெஞ்சு பதறும் என்று நினைத்தேன்.
கீழே போய் டீ போட்டேன்,
சர்க்கரை ஒரு கரண்டி கூட விழுந்துவிட்டது.
குடித்துவிட்டு மேலே வந்தேன்.

மேல்வட்டு குழியக் குழிய
கீழ்வட்டு புடைத்து வருகிறது.
அதைப் பற்றி இதுவரை ஒருவரும் விசாரித்ததில்லை.
ஒருநாளும் வானம் பார்க்கப் போவதில்லை அது.
அதையும் இரண்டு கையால்தான் கழுவுகிறேன்.
சாம்பல்நிறச் சேறு குழாய்வழி இறங்கி
பந்தல்குடி வாய்க்காலுக்குப் போகிறது,
அங்கிருந்து வைகைக்கு, தண்ணீர் இருந்தால்.

மாசி. விடிய ஒரு மணி நேரம் இருக்கிறது.
சனி கிழக்கில் எழுந்திருக்கலாம்.
நிமிர்ந்து பார்க்கவில்லை, விரலடியில்
ஒரு பொடிமணி உடைந்துகொண்டிருந்தது.
தள்ளு. இழு. ஓரடி நகர்.
கீழ்வீட்டில் முத்துரெஜினா
அரிசி களைகிறாள்.
மேலே நானும்.