சுண்டுவிரல்கள்

விளையாட்டின் பெயர் கால்பந்து.
என் கணவர் பார்த்ததெல்லாம் கைகள்.

ஷ்ரீவ்போர்ட்டில், என் தங்கை கல்யாணத்தில்,
அறிமுகமான ஐந்தாம் நிமிடம்
மேசையிலிருந்த ஆரஞ்சை எடுத்து என்மேல் எறிந்தார்
வெண்டெல் ஆர்செனோ.
பிடித்துவிட்டேன்.
"பெருவிரல் ரெண்டும் சேரவில்லையே" என்றார்.
அதற்குப் பிறகும் கட்டிக்கொண்டேன்.

நெஞ்சுக்கு வரும் பந்தா, பெருவிரல்கள் ஒட்டட்டும்.
இடுப்புக்குக் கீழா, சுண்டுவிரல்கள் ஒட்டட்டும்.
இருபத்தாறு வருடம்
இந்த இரண்டு வாக்கியம்தான் எங்களுக்குச் சோறு போட்டது.

ஒன்பது ஊர்.
மன்ரோ, அமரில்லோ, ஒரே ஒரு குளிர்காலம் வயோமிங்,
மற்றதை வரிசையாகச் சொல்ல
பழைய வரித்தாள்களைப் புரட்ட வேண்டும்.
போன வருடம் எதிரியின் நிறம்,
இந்த வருடம் பிள்ளைகளின் ஸ்வெட்டர்.
ஒடெட் மூன்றாம் வகுப்பை மூன்று மாநிலங்களில் படித்தாள்,
பெருக்கல் வாய்ப்பாட்டில் ஏழு மட்டும்
எங்கோ நெடுஞ்சாலையில் விழுந்துபோனது.

ஜனவரி வந்தால் அவர் யார் யார் வீட்டு சோபாவிலோ இருப்பார்.
ஒரே இரவில் மூன்று வீட்டில் சாப்பிட்டு
மூன்றாவது வீட்டிலும் இன்னொரு முறை போடச் சொன்னாராம்,
பையனின் அம்மா தட்டையே பார்த்துக்கொண்டிருந்ததால்.
"உங்கள் மகனை நான் பார்த்துக்கொள்வேன்" என்பார்.
பொய்யில்லை.
எத்தனை நாளைக்கு என்று மட்டும் சொன்னதில்லை.

தலைமைப் பயிற்சியாளரின் நாற்காலி ஆடினால்
முதலில் எங்கள் வீட்டுக் கோப்பைகள் அதிரும்.
அட்டைப்பெட்டிகளை நான் மடித்துத்தான் வைப்பேன்,
எறிவதில்லை.

பிறகு ஒகையோ. நவம்பர்.
நான்கு புள்ளி பின்னால், பத்தொன்பது நொடி பாக்கி.
கீஷான் விட்லோ காவலனை உதறிவிட்டுத் தனியே நின்றான்,
எல்லைக் கோட்டுக்கு அந்தப்பக்கம்,
சுற்றிலும் ஓர் ஆள் இல்லை.
பந்து வந்தது
நெஞ்சுக்கும் இல்லாமல் இடுப்புக்கும் இல்லாமல்
வயிற்றுக்கு நேராக.
எந்த விரலைச் சேர்ப்பது?
அவன் யோசித்தான்.
அவ்வளவுதான்.
அந்த யோசனை நழுவி விழுந்ததில்
பதினோரு குடும்பங்களுக்கு வேலை போனது.

ஞாயிறு காலை அவர் அட்டையைத் தேய்த்தார்,
அலுவலகக் கதவில் சிவப்பு விளக்கு.
இன்னொரு முறை தேய்த்தார்.
திரும்பி வந்து காரில் உட்கார்ந்து சொன்னார்:
"வயிற்றுக்கு நான் வாக்கியம் வைக்கவில்லை, லூசெட்."
பையனைப் பற்றி ஒரு சொல் இல்லை.

செவ்வாய்க்கிழமை வாடகை லாரி.
யாரும் கூப்பிடவில்லை, கீஷான் வந்து நின்றான்,
உறைபனியில் கையுறை இல்லாமல்.
என்ன சொல்வதென்று எனக்குத் தெரியவில்லை,
"துவைக்கும் இயந்திரம் கனம்" என்றேன்.
அவனும் அவருமாய்த் தூக்கினார்கள்.
கண்ணாடிச் சாமான் பெட்டிகள் எல்லாம் அவன்தான்.
ஒவ்வொன்றையும் வயிற்றோடு அணைத்துக்கொண்டு
படியிறங்கினான்.
வெண்டெல் நடைபாதையில் நின்று அதையே பார்த்துக்கொண்டிருந்தார்,
விளையாட்டுப் பதிவை ஓட்டிப் பார்க்கும்போது பார்ப்பதுபோல்.

ஐடஹோவில் யாரோ அழைத்தார்கள்.
சின்னக் கல்லூரி, சம்பளம் பாதி,
மைதானத்துக்குப் பின்னால் உருளைக்கிழங்கு வயலாம்.

இப்போது நெப்ராஸ்காவில் ஒரு மோட்டல்.
மணி இரண்டு.
சுருட்டிய காலுறையைச் சுவரில் எறிகிறார்,
வயிற்று உயரத்தில் திரும்பி வருகிறது.
பெருவிரல். இல்லை.
சுண்டுவிரல். இல்லை.
ஒரு தோளை முன்னே தள்ளி, மறுபடி.
பக்கத்து அறைக்காரர் இருமுறை தட்டிவிட்டார்.

விளக்கை அணையுங்கள் என்கிறேன்.
இன்னும் ஒன்று என்கிறார்.