ஏழாவது அறை

தொண்ணூற்றெட்டு டாலர்.
அனுப்புகூலி பதினான்கு.
பழைய ஆயுதம் சேர்க்கிறவன் என்று
அரசாங்கம் தந்த அட்டையின் நகலை
விற்பவனுக்கு அனுப்பிப் பதினோராம் நாள்
வாசலில் கையெழுத்து கேட்டது பழுப்பு வண்டி.
"கனமாயிருக்கிறதே, குழாய்ச் சாமானா?"
ஒரு விதத்தில் குழாய்தான், என்றேன்.

தாளைப் பிரித்தால் மசகு.
தேன்மெழுகின் நிறம், கெட்டுப்போன மருந்தின் வாடை.
அறுபது வருஷம் ஏதோ ஒரு கிடங்கில்
யாரும் கேட்காமல் கிடந்ததன் பிசுக்கு.
ஐரா சட்டியெல்லாம் எடுத்து ஒளித்துவைத்தாள்.
பனி அள்ளும் வாளியில் வெந்நீர் ஊற்றி
பல்துலக்கியால் தேய்த்தேன்.
முதலில் ஒரு முக்கோணம் தெரிந்தது,
அதற்குள் அம்பு. பிறகு ஆண்டு: 1943.

இதை யார் ஏந்தினான்?
எந்த ஆற்றங்கரையில், எந்தப் பனியில்?
மாலை முழுக்கக் கேட்டுக்கொண்டிருந்தேன்.
போருக்குப் பின் பிரித்து, மெருகேற்றி,
பழைய எண்ணை அடித்துவிட்டு
புது எண் கீறியிருக்கிறார்கள்.
தோலுறையில் பெயர் இல்லை.
ஏதாவது ரயிலடியில்
உருளைக்கிழங்கு மூட்டைக்குக் காவல் நின்றிருக்கலாம்,
ஒரு முறைகூட வெடிக்காமல்.
கதை கேட்டவனுக்குக் கிடைத்தது
ஒரு திருகாணிமுடுக்கி, ஒரு துடைப்பக் கம்பி.

தோட்டா தேடினேன்.
ஐம்பதுக்கு நாற்பத்தைந்து டாலர்.
சுண்டைக்காய் கால் பணம், சுமைகூலி முக்கால் பணம்.
பித்தளைக்குள் முழுக முங்கிய ஈயம்,
தலையை உள்ளிழுத்த ஆமை.

நவம்பர், சனிக்கிழமை.
இஷ்பெமிங் தாண்டி, கைவிட்ட சரளைக் குழி.
பெல்காஸ்ட்ரோ கூட வந்தான்.
அவன் வீட்டில் ரிவால்வர் நான்கு,
நான்கும் ஆறறை.

பக்கவாட்டுக் கதவைத் திறந்து
ஒவ்வொன்றாய் இட்டேன்.
சுத்தியலைக் கட்டைவிரலால் இழுத்தால்
உருளை ஒரு மயிரிழை முன்னே நகர்ந்து
குழலோடு வாய் பொருத்திக்கொள்கிறது.
அந்தச் சின்ன அசைவுக்கே
நூறு டாலர் தகும்.
இழுக்காமல் விசையை மட்டும் அழுத்தினால்
துருப்பிடித்த கேட்டைத் தள்ளுவதுபோல;
முனை ஆடுகிறது, மூச்சு முட்டுகிறது,
குண்டு எங்கோ போகிறது.
பதினைந்து கஜத்தில் தக்காளிச் சாறு டப்பா
ஏழுக்கும் அசையாமல் நின்றது.
சிரித்தோம்.
வெடித்த கூடுகளைக் கம்பியால்
ஒவ்வொன்றாய்க் குத்தித் தள்ளுவதற்குள்
விரல் மரத்துவிட்டது.

அடுத்த சுற்று அவனுடையது.
நிதானமாய்ச் சுட்டான்.
ஐந்தாவதில் டப்பா விழுந்தது.
ஆறாவது மண்ணில்.
"காலி," என்றான்,
நான் குனிந்து டப்பாவை எடுக்கப் போயிருந்தேன்,
"இந்தா பிடி" என்று நீட்டினான்,
குழல் என் சட்டையின் மூன்றாம் பொத்தானைப் பார்க்க,
விரல் இன்னும் விசைமேல்.

வாங்கினேன்.
கதவைத் திறந்து உருளையைச் சுற்றினேன்.
பள்ளம், பள்ளம், பள்ளம்,
பள்ளம், பள்ளம், பள்ளம்.
பிறகு ஒன்று
ஊசி படாமல், வழவழவென்று,
கண் திறந்த மீன்போல.

அவனிடம் காட்டினேன்.
முகத்தில் ரத்தம் இறங்கியது.
"ஆறுதான் எண்ணினேன்," என்றான்.
அவன் எண்ணியது சரி.
யாரோ ஒருவன் எங்கோ ஒரு பட்டறையில்
ஏழு என்று எண்ணியிருந்தான்.

திரும்பும் வழியில் வண்டிச் சூடாக்கி மட்டும் பேசியது.
நெகோனி தாண்டும்போது
"காபி?" என்றான். வேண்டாம் என்றேன்.
பிறகு, சரி, என்றேன்.

பெட்டியில் முப்பத்தைந்து மிச்சம்.
அந்த ஒன்றைத் தனியே எடுத்து
சமையலறை ஜன்னல் கட்டையில் நிறுத்தியிருக்கிறேன்.
என்ன இது, என்று ஐரா கேட்டாள்.
மிச்சச் சில்லறை, என்றேன்.

கைப்பிடி மரத்திலிருந்து
அடுப்புச் சூட்டில் மசகு இன்னும் கசிகிறது.
துடைக்கிறேன்.
மறுபடி கசிகிறது.