பதினேழு நிமிடம்

பதினொரு வருடம் சோறு போட்டது
எமெட் க்விக்லிக்கு
ஒரே ஒரு ஏணி.
ஸ்க்ராண்டன், எரீ, டொலீடோ, ஃபோர்ட் வெயின்:
ரயில் மாறும், கொட்டகை மாறும்,
நாய் வித்தைக்கும் இரட்டையர் பாட்டுக்கும் நடுவே
அதே பதினேழு நிமிடம்.
சுவருக்குச் சாயம் பூச ஏறுவான்.
ஏணிக்கு அது பிடிக்காது.
கீழே தட்டுகளோடு அவன் மனைவி டெலியா,
ஒன்றைக்கூட உடையவிட்டதில்லை.

விழுவதில் ஒன்றுமில்லை என்பான்.
விழுந்த பிறகு, தொப்பியைத் தேடும் முன்,
எத்தனை நேரம் சும்மா கிடப்பது,
அதுதான் தொழில்.
எரீயில் மூன்று மூச்சு.
சுரங்கக்காரர்கள் வரும் ஸ்க்ராண்டனில் ஐந்து,
சம்பள நாளானால் ஏழு.

பதின்மூன்றாம் வருடம்
நியூ ஜெர்சியில், கூரையில்லாத எங்கள் செட்டுக்கு வந்தான்.
நான் கேமராவின் கைப்பிடி சுற்றுகிறவன்.
நொடிக்கு இரண்டு சுற்று.
சிரிக்கக் கூடாது.
சிரித்தால் கை குலுங்கும், படம் குலுங்கும்,
பிலிம் அடி என்ன விலை தெரியுமா என்று
முதலாளி வாஸர்மன் வருவார்.

ஏறினான். விழுந்தான். கிடந்தான்.
ஒரு மூச்சு. இரண்டு.
பக்கத்துச் செட்டில் யாரோ ஆணி அடித்தார்கள்.
கீழுதட்டைக் கடித்தபடி சுற்றினேன்.
மூன்று. நான்கு.
தலையை மட்டும் தூக்கி என்னைப் பார்த்தான்,
கடையை மூடிவிட்டீர்களா என்பதுபோல.

மதியச் சாப்பாட்டுக்குள் பதினொரு வருடம் தீர்ந்துவிட்டது.
டப்பாவில் அடைத்து நாற்பது ஊருக்கு அனுப்பினார்கள்.
அடுத்த வாரம் என்ன என்றார் வாஸர்மன்.
டெலியாவுக்கு வயது கூடிவிட்டதாம்.
பத்தொன்பது வயதுப் பெண்ணொருத்தி வந்து
முதல் நாளே ஆறு தட்டு உடைத்தாள்.
சத்தமே இல்லாத படத்தில்
அதற்குத்தான் கூடுதல் சிரிப்பு.

பிறகு வாரம் ஒரு படம்.
குதிரை, தண்ணீர்க் குழாய், பசைப் பானை.
விலா எலும்பில் இரண்டு போயின.
சுவரொட்டியில் பெயர் முழங்கை நீளம்.
ஒருமுறை டொலீடோவில், பழைய கொட்டகையில்,
பின்வரிசையில் போய் உட்கார்ந்தானாம்.
திரையில் கிடந்தவன் நான்கு மூச்சு கிடந்தான்.
டொலீடோ மூன்றிலேயே சிரித்து முடித்திருந்தது.
யாரோ இருமினார்கள்.
"எழுந்திருடா என்று கத்தினேன்" என்றான் எமெட்.
"அவன் எழவில்லை."

நான் தவறியது ஒரே தடவை, பசைப் பானையில்.
படம் குலுங்கிற்று, அரை நாள் கூலி போயிற்று.
வெட்டி எறிந்த அந்த நாற்பது அடியை
எமெட் கேட்டு வாங்கிக்கொண்டு போனான்.
வீட்டில் ஏது ப்ரொஜெக்டர்.
ஜன்னல் வெளிச்சத்தில் விரித்துப் பிடித்து
இங்கே பார், இங்கேதான் அவன் சிரித்தான் என்று காட்ட,
டெலியா கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு
விரலால் கட்டங்களை எண்ணினாளாம்.