உலர்ந்த கோடு

மூன்று சேணம் மாற்றியாயிற்று.
இது மரச்சட்டமில்லாதது,
புதுவயல் மாசிலாமணி இரவல் தந்தது.
சுருட்டினால் சாக்குக்குள் அடங்கும்.

பள்ளத்தூரிலிருந்து திருமயம்,
போக வர நாற்பது கிலோமீட்டர்.
தரையிலிருந்து ஏறினால் ஒருபக்கம் சரிகிறது;
மைல்கல்லில் கால்வைத்து ஏறினேன்.

வற்றிய கண்மாயில் இறங்கி
வார் அவிழ்த்துப் பார்க்கிறேன்:
இருபுறமும் ஒரே சீராய் வியர்வை,
நடுவே தண்டுவடத்தின் மேல் மட்டும்
இரண்டு விரல் அகலம்
உலர்ந்த கோடு.

தோள்மேட்டில்
பழைய சட்டம் அழுத்தி முளைத்த வெள்ளைமுடி
அப்படியே இருக்கிறது,
என் கையெழுத்து மாதிரி.

அழுத்திப் பார்த்தேன். மிளகி நெளியவில்லை,
வேலநெற்றை மென்றுகொண்டிருந்தாள்.

போன் போட்டேன்:
"மாசிலாமணி, இது திரும்ப வராது.
விலையைச் சொல்லுங்க."

சொன்னார்.
நின்றுகொண்டே கேட்டேன்.
தொடையில் எனக்குத்தான்
தோல் உரிந்திருந்தது.